கண்ணைப் பறிக்கும் வெப்சைட், கைக்கு எட்டாத பட்டன்



போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு வெப்சைட் பண்ணும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. 'விழுந்தது'ன்னு சொல்றது பொய். நானே கேட்டு வாங்கினேன். மூணு வாரம் சரியாத் தூங்காமல் உட்கார்ந்து பண்ணினேன். சைட்டைத் திறந்ததும் கறுப்புத் திரையில் நட்சத்திரங்கள் சிதறும். நடுவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பும். அப்புறம் ஏழு கிரகங்கள் சுத்த ஆரம்பிக்கும். ஒவ்வொரு கிரகமும் ஒரு ஈவென்ட். கிரகத்தைப் பிடிச்சு இழுத்தால் அது பிளந்து, உள்ளே 'ரிஜிஸ்டர்' என்று ஒரு பட்டன் மின்னும். ஹாஸ்டலில் காட்டினப்போ "மச்சி, செம!"ன்னு எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தலை கால் புரியவில்லை.

பேப்பர் பிரசென்டேஷனுக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள். ராத்திரி பத்தரை மணி. போஸ்டரில் இருந்த என் நம்பருக்கு ஒரு கால் வந்தது. வேறு கல்லூரி மாணவர்.

"ப்ரோ, ரிஜிஸ்டர் பண்ற இடம் எங்க இருக்கு?"

"ரொம்ப சிம்பிள் ப்ரோ. அந்த நீலக் கிரகத்தைப் பிடிச்சு இழுங்க, திறக்கும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ப்ரோ, எனக்குப் பார்வை கிடையாது. போன்ல ஸ்கிரீன் ரீடர் போட்டுத்தான் படிக்கிறேன். உங்க பேஜ்ல அது ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்குது."

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பேர், கல்லூரி, பேப்பர் தலைப்பு எல்லாத்தையும் போனிலேயே கேட்டு நானே டைப் பண்ணிவிட்டேன். வைக்கும்போது அவர் சொன்னார்: "தேங்க்ஸ் ப்ரோ. பரீட்சை ஃபார்ம், பஸ் டிக்கெட் எல்லாம் நானேதான் போட்டுக்குவேன். இதுக்குத்தான் ஒருத்தரைக் கூப்பிட வேண்டியதாப் போச்சு."

குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார். ஆனா எனக்கு அன்னைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மற்ற கோஆர்டினேட்டர்களைக் கேட்டேன். அவங்களுக்கும் கால் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. "லோடிங்லயே நிக்குது", "போன் சூடாகுது", "ஃபீஸ் எவ்வளவுன்னு எங்க போட்டிருக்கீங்க?" பார்வை உள்ளவங்களுக்கும் இதே கதிதான்!

எங்கே தப்பு பண்ணினேன் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட ஒரு விஷயம் புரிந்தது. இந்தத் தப்பு ஒண்ணும் புதுசு இல்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னாடி உலகமே சேர்ந்து செய்த தப்பு. அந்தக் கதையின் பேர் ஃப்ளாஷ்.

ஃப்ளாஷ் என்று ஒன்று இருந்தது

சின்ன வயசில் கம்ப்யூட்டர் லேபில் சார் அந்தப் பக்கம் போனதும் பிரவுசரில் கேம் ஆடியிருக்கீங்களா? அதில் பெரும்பாலானவை ஃப்ளாஷில் ஓடியவைதான். 1996ல் 'ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்' என்ற பேரில் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து வந்த மென்பொருள் அது. அதே வருஷக் கடைசியில் மேக்ரோமீடியா அதை வாங்கி 'ஃப்ளாஷ்' என்று பேர் வைத்தது. 2005ல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது.

ஃப்ளாஷைக் குறை சொல்வதற்கு முன்னாடி அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். அன்றைய ஹெச்டிஎம்எல்லில் எழுத்தும் படமும் வைக்கலாம். உருப்படியாக ஒரு பொம்மையை ஓட வைக்க முடியாது. வீடியோவுக்கு டேகே கிடையாது. ஃப்ளாஷ் படங்களை வெக்டராக, அதாவது கோடுகளின் கணக்காகச் சேமித்ததால் ஃபைலும் சின்னதாக இருந்தது. எந்த பிரவுசரில் போட்டாலும் ஒரே மாதிரி தெரிந்தது. 2005ல் யூடியூப் வந்தபோது அதன் வீடியோக்கள் ஓடியதும் ஃப்ளாஷில்தான். ஒரு தலைமுறை அனிமேட்டர்களும் கேம் செய்பவர்களும் அதில்தான் தொழில் கற்றார்கள்.

பிறகு எங்கே கெட்டது? கேம் செய்ய வேண்டிய கருவியைக் கொண்டு கடையைக் கட்டினார்கள். கம்பெனி அட்ரஸ் தேடி வந்தவனுக்கு முப்பது நொடிப் படம் காட்டினார்கள். ஹோம் பேஜுக்கு முன்னாடி ஒரு 'இன்ட்ரோ', அதன் மூலையில் 'ஸ்கிப் இன்ட்ரோ' என்று ஒரு சின்ன லிங்க். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "இதை நீங்க பார்க்க வேண்டியதே இல்லை" என்று செய்தவரே எழுதி ஒட்டிய ஒரு பொருளுக்காக எத்தனை பேருடைய நேரமும் காசும் போயிருக்கும்!

அப்போது இருந்தது 56 கிலோபிட் மோடம். கணக்குப் போடலாம். 8 பிட் ஒரு பைட். ஆக, முழு வேகத்தில் ஓடினால்கூட நொடிக்கு 7 கிலோபைட்தான். 500 கிலோபைட் இன்ட்ரோ ஒன்று வந்து சேர 71 நொடி. ஒரு நிமிஷத்துக்கு மேல் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவும் போன் பில் ஏற ஏற.

பூ.காம் பாடம்

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் பூ.காம். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு 1999 நவம்பரில் தொடங்கிய ஆன்லைன் துணிக்கடை. துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், பெரிதாக்கிப் பார்க்கலாம், 'மிஸ் பூ' என்ற பொம்மைப் பெண் கூடவே வந்து யோசனை சொல்வாள். இன்றைக்கு நமக்கு இது சாதாரணம். அன்றைக்கு மோடத்தில் நெட் பார்த்தவர்களுக்கு அந்தப் பேஜ் திறக்கவே பொறுமை வேண்டியிருந்தது. தொடங்கிய புதிதில் மேக் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களால் கடைக்குள் நுழையவே முடியவில்லை.

2000 மே மாதம் கடை மூடப்பட்டது. ஆறே மாதம். கரைந்த பணம் சுமார் 135 மில்லியன் டாலர். வெப்சைட் மட்டுமே அவர்களைக் கவிழ்த்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே நேரத்தில் பல நாடுகளில் கால் வைத்தார்கள், தண்ணீராகச் செலவு செய்தார்கள். ஆனாலும் வாங்க வந்தவன் வாசலிலேயே திரும்பிப் போனால் எந்தக் கடைதான் ஓடும்?

அதே 2000ஆம் வருஷம் அக்டோபரில், பயன்பாட்டு எளிமை பற்றி எழுதிவந்த ஜேக்கப் நீல்சன் 'ஃப்ளாஷ்: 99 சதவீதம் மோசம்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு கட்டுரை போட்டார். அவர் வைத்த குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, தேவையில்லாத ஆடம்பரத்துக்கு இது ஆசை காட்டுகிறது. இரண்டு, வெப்பின் அடிப்படைப் பழக்கங்களை உடைக்கிறது. மூன்று, சைட்டின் உண்மையான சரக்கிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது. மேக்ரோமீடியா கோபித்துக்கொண்டு போய்விடவில்லை என்பது சுவாரஸ்யம். 2002ல் அவரோடயே கை கோத்து, ஃப்ளாஷை உருப்படியாகப் பயன்படுத்துவது எப்படி என்று வழிமுறைகள் தயாரிக்க இறங்கியது.

பேஜுக்குள் ஒரு பூட்டின பெட்டி

நீல்சன் சொன்ன இரண்டாவது குற்றச்சாட்டுதான் நம்ம மாதிரி இன்ஜினியரிங் பசங்க புரிஞ்சுக்க வேண்டியது.

ஹெச்டிஎம்எல் பேஜ் என்பது பிரவுசருக்குப் புரியும் மொழி. இது தலைப்பு, இது பத்தி, இது லிங்க், இது பட்டன் என்று ஒவ்வொன்றும் அதற்குத் தெரியும். தெரிவதால் பல வசதிகளை அது இலவசமாகவே கொடுக்கிறது. ஃப்ளாஷ் ஃபைல் அப்படி இல்லை. அது பைனரி. பிரவுசர் செய்வதெல்லாம் பேஜில் ஒரு செவ்வகத்தை ஒதுக்கி, "இந்த இடம் உன்னுடையது, என்னவோ பண்ணிக்கோ" என்று பிளக்இன்னிடம் கொடுப்பதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது. அது பூட்டின பெட்டி.

பெட்டியைப் பூட்டினதும் என்னென்ன போச்சு என்று பாருங்க.

பேக் பட்டன் போச்சு. உள்ளே பத்துத் திரை தாண்டி வந்திருப்பீங்க. பிரவுசரைப் பொறுத்தவரை எல்லாமே ஒரே பேஜ். பேக் அழுத்தினால் சைட்டை விட்டே வெளியே தள்ளிவிடும்.

லிங்க் போச்சு. ஒரு குறிப்பிட்ட பொருளின் பக்கத்தை நண்பனுக்கு அனுப்ப முடியாது. "மெயின் பேஜ் போ, மூணாவது பட்டனை அழுத்து, அப்புறம்..." என்று வழி சொல்ல வேண்டும்.

தேடல் போச்சு. கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தி வார்த்தை தேட முடியாது. காப்பி பண்ண முடியாது. கூகுளுக்கும் நீண்ட காலம் உள்ளே சரியாகப் படிக்கத் தெரியவில்லை. 2008ல்தான் ஃப்ளாஷுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலில் சேர்ப்பது மேம்பட்டதாக அறிவித்தது.

எழுத்தைப் பெரிதாக்குவது போச்சு. கண் மங்கிய தாத்தா பிரவுசரில் எழுத்தின் அளவைக் கூட்டினால், வெளியே இருப்பது பெரிதாகும், பெட்டிக்குள் இருப்பது அப்படியே எறும்பு மாதிரி நிற்கும்.

கீபோர்டும் ஸ்கிரீன் ரீடரும் போச்சு. இதுதான் பெரிய இழப்பு. ஸ்கிரீன் ரீடர் திரையைப் 'பார்த்து' படிப்பதில்லை. பிரவுசர் கட்டி வைத்திருக்கும் தலைப்பு, லிங்க், பட்டன் பட்டியலைக் கேட்டு வாங்கித்தான் வாசிக்கிறது. பட்டியலே இல்லையென்றால் எதை வாசிக்கும்?

ஒரு நியாயத்தையும் சொல்லணும். பெட்டிக்குள் இதெல்லாம் செய்யவே முடியாது என்று இல்லை. 2002ல் வந்த ஃப்ளாஷ் பிளேயர் 6லேயே ஸ்கிரீன் ரீடருக்கு வழி வைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் கொடுத்து, வரிசை கொடுத்து டெவலப்பர் தன் கையால் கட்ட வேண்டும். பெரும்பாலானோர் கட்டவில்லை. டெட்லைன் நெருக்கத்தில் நாமும் கட்டியிருக்க மாட்டோம்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுக்கணும்னா, இதை வச்சுக்கோங்க: பிரவுசர் இலவசமாகத் தருவதை நீங்க உதறினால், அத்தனையையும் நீங்களே திரும்பக் கட்டணும். கட்டாமல் விட்டால், அந்த வசதியை நம்பி வந்தவர் வெளியே நிற்பார்.

ஃப்ளாஷ் செத்த கதை

2007ல் வந்த ஐபோனில் ஃப்ளாஷ் ஓடவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதிக் காரணம் சொன்னார். பாதுகாப்பு ஓட்டைகள், பேட்டரி தின்பது, அப்புறம் முக்கியமாக ஒன்று: பல ஃப்ளாஷ் மெனுக்கள் மவுஸ் மேலே வந்து நின்றால் திறப்பவை, தொடுதிரையில் விரலுக்கு 'மேலே வந்து நிற்பது' என்ற நிலையே கிடையாது. ஆப்பிளுக்குத் தன் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும், அது வேற விஷயம். விரல் விஷயத்தில் அவர் சொன்னது சரி.

2011 நவம்பரில் மொபைல் பிரவுசர்களுக்கான ஃப்ளாஷை மேற்கொண்டு வளர்ப்பதில்லை என்று அடோபியே அறிவித்தது. ஹெச்டிஎம்எல் 5 வளர்ந்து 2014ல் முறையான தரநிலை ஆனது. 2017 ஜூலையில் அடோபி முடிவு நாளைச் சொன்னது. 2020 டிசம்பர் 31ஓடு ஆதரவு நின்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் தானே ஓட மறுத்தது.

மூன்றரை வருஷம் முன்கூட்டியே சொல்லியும் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் வரித்துறை தன் ஆன்லைன் படிவங்கள் சிலவற்றை ஃப்ளாஷில் வைத்திருந்தது. 2021 ஜனவரியில் அவை நின்றுபோனதும், அந்தப் படிவங்களுக்காகவே ஃப்ளாஷ் ஓடுகிற தனி பிரவுசர் ஒன்றை வெளியிட்டது! வரி கட்டும் படிவம் என்பது என்ன? நாலு கட்டம், ஒரு சப்மிட் பட்டன். சாதாரண ஹெச்டிஎம்எல்லில் எழுதியிருந்தால் இன்றைக்கும் ஓடியிருக்கும்.

ஆவி இன்னும் போகவில்லை

"சரி, ஃப்ளாஷ் போயே போச்சு, இப்ப எதுக்கு இந்தப் பழங்கதை?"ன்னு நீங்க கேட்கலாம். கருவிதான் போனது, பழக்கம் போகவில்லை. என் சைட்டே சாட்சி.

என் கிரகங்களை நான் 'கேன்வாஸ்' டேகில் வரைந்திருந்தேன். கேன்வாஸ் என்பது ஒரு வெறும் புள்ளித் தாள். அதில் 'ரிஜிஸ்டர்' என்று நான் எழுதியது எழுத்தே இல்லை, எழுத்து மாதிரி தெரியும் பிக்சல்கள். பிரவுசருக்கு அது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். அதாவது 2000ஆம் வருஷத்துப் பூட்டின பெட்டியை நான் ஜாவாஸ்கிரிப்டில் திரும்பச் செய்திருக்கிறேன். அந்த நண்பரின் போன் வாயே திறக்காததில் ஆச்சரியம் என்ன?

எடையும் அதே கதை. என் ஹோம் பேஜ் 9 எம்.பி. இருந்தது. காலேஜ் வைஃபையில் தெரியவில்லை. சிக்னல் சுமாராக இருக்கும் ஊரில் 2 மெகாபிட் வேகத்தில் அதே பேஜ் வர 36 நொடி ஆகும். நெட் வேகம் பல மடங்கு கூடிவிட்டது. நான் சுமையையும் கூட்டிவிட்டேன். வந்து சேர்ந்த பிறகும் வேலை முடியவில்லை. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். என் லேப்டாப் அதற்குள் கணக்கை முடித்துவிடும். ஐந்து வருஷப் பழைய போன் திணறும், சூடாகும், தொட்டால் பதில் சொல்லாது.

கேன்வாஸ் இல்லாத சைட்டுகளிலும் இதே நோய் வேற வேற உருவில் இருக்கிறது. நீங்க தினமும் பார்ப்பதுதான்.

பட்டன் மாதிரி வேஷம் போட்ட 'டிவ்'. 'டிவ்' டேகுக்குக் கலர் அடித்து, 'ஆன்கிளிக்' கொடுத்தால் மவுஸுக்கு அது பட்டன். டேப் கீ அதன் மேல் நிற்காது. ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று சொல்லாது. 'பட்டன்' டேக் என்று ஒன்று சும்மாவே இருக்கும்போது எதுக்கு இந்த வேஷம்?

ஸ்க்ரோலைப் பிடுங்கிக்கொள்ளும் பேஜ். நீங்க விரலால் ஒரு இழு இழுத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஒரு முழுத் திரை தள்ளும், இல்லை படம் முடியும் வரை நகராது. உங்க கையிலிருந்து ஸ்டீயரிங்கைப் பக்கத்து சீட்காரர் பிடுங்கின மாதிரி.

தானே நகரும் பேனர். முதல் ஸ்லைடைப் படிச்சு முடிக்கும் முன்னே இரண்டாவது வந்துவிடும். 2013ல் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் வெப் குழுவில் இருந்த ஒருவர் தங்கள் ஹோம் பேஜில் அளந்து பார்த்துச் சொன்னார்: வந்தவர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் அந்த பேனரைக் கிளிக் செய்தார்கள், அதிலும் மிகப் பெரும்பாலான கிளிக் முதல் ஸ்லைடுக்கு. அப்படியானால் இரண்டாவது, மூன்றாவது ஸ்லைடில் போட்ட கடைசித் தேதி அறிவிப்பை யார் பார்த்தது?

லிங்க் மாறாத சிங்கிள் பேஜ் ஆப். உள்ளே பக்கம் மாறும், மேலே அட்ரஸ் மாறாது. பிரவுசரின் ஹிஸ்டரியைக் கையாள 'புஷ்ஸ்டேட்' இருக்கிறது. பயன்படுத்த மறந்தால் பழைய பேக் பட்டன் தொல்லை அப்படியே திரும்பும்.

தலை சுற்றும் அசைவு. இது வெறும் எரிச்சல் இல்லை, உடம்புப் பிரச்சினை. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நீ நகரவில்லை" என்கிறது, கண் "நகர்கிறாய்" என்கிறது. சிலருக்கு இதில் மயக்கமும் குமட்டலும் வரும். 2013ல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 7 வந்தபோது அதன் ஜூம் அசைவுகளால் தலை சுற்றுகிறது என்று பலர் புகார் சொன்னார்கள். அசைவைக் குறைக்கும் செட்டிங் அந்த ஜூமையும் நிறுத்தும்படி ஆப்பிள் அப்டேட் கொடுத்தது. வேகமாக மின்னும் வெளிச்சம் இன்னும் ஆபத்து. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூன் எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால் 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அது டிவி. ஆனால் கண்ணுக்கு டிவி எது, வெப்சைட் எது?

இதற்கெல்லாம் எழுதி வைத்த விதிகளே இருக்கின்றன. வெப்சைட்டுகள் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான 'டபிள்யூகேக்' வழிமுறைகளின் முதல் பதிப்பு 1999லேயே வந்துவிட்டது, 2.2 பதிப்பு 2023ல் வந்தது. அதில் சில: எதுவும் ஒரு நொடியில் மூன்று தடவைக்கு மேல் பளிச்பளிச்சென்று மின்னக் கூடாது. தானே நகரும் பொருள் 5 நொடிக்கு மேல் ஓடினால் நிறுத்த வழி வேண்டும். தானே ஒலிக்கும் சத்தம் 3 நொடிக்கு மேல் போனால் அதை அணைக்க வழி வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1. என் கறுப்பு வானத்தில் ஃபீஸ் விவரத்தை மங்கலான சாம்பல் நிறத்தில் எழுதியிருந்தேன். "எங்க போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டவங்க மேல் தப்பே இல்லை.

அப்போ அனிமேஷனே கூடாதா?

அப்படிச் சொல்ல வரலை. 2002ல் கார்ல் வீமன் தொடங்கிய ஃபெட் சிமுலேஷன்களைப் பார்த்திருப்பீங்க. மின்தடையைக் கூட்டினால் பல்பு மங்குவதை நாமே இழுத்துப் பார்க்கலாம். அங்கே இழுப்பதுதான் பாடம். அசைவை எடுத்துவிட்டால் பாடமே இல்லை. (அவர்கள்கூட ஜாவாவிலும் ஃப்ளாஷிலும் இருந்ததை ஹெச்டிஎம்எல் 5க்கு மாற்ற வருஷக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது.) பட்டனை அழுத்தினதும் அது லேசாக அமுங்குவது, ஃபார்மில் தப்பான கட்டம் சின்னதாக அதிர்வது, இதெல்லாமும் நல்ல அசைவுதான். "நீங்க செய்தது எனக்குத் தெரிந்தது" என்று சொல்லும் அசைவு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. இந்த அசைவை எடுத்துவிட்டால், வந்தவருக்கு ஏதாவது நஷ்டமா? அவருக்கு நஷ்டமென்றால் வைங்க. நஷ்டம் நமக்கு மட்டும்தான், அதாவது நம்ம 'செம மச்சி'க்கு மட்டும்தான் என்றால், யோசிங்க.

இந்த வருஷம் நான் செய்த முறை இதுதான். முதலில் வெறும் ஹெச்டிஎம்எல். ஈவென்ட் பேர், தேதி, இடம், ஃபீஸ், கடைசி நாள், ஃபார்ம். சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் இல்லாமலேயே ஒருவர் பேர் கொடுத்து முடிக்க முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்த பிறகுதான் அலங்காரம். ராக்கெட் இப்பவும் இருக்கு, பின்னணியில். ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும்படி 'ஏரியா ஹிட்டன்' கொடுத்திருக்கேன். போனில் அசைவைக் குறைத்து வைத்திருப்பவர்களுக்கு, சிஎஸ்எஸ்ஸின் 'ப்ரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' பார்த்து ராக்கெட் சும்மா நிற்கும். 9 எம்.பி. இருந்த பேஜ் 1 எம்.பி.க்குள் வந்துவிட்டது.

இன்னைக்கு ராத்திரி நீங்களே செய்து பார்க்கலாம்

உங்க சைட், உங்க கிளப் சைட், மினி புராஜெக்ட், எதுவானாலும் சரி. அரை மணி நேரம் போதும்.

1. மவுஸை எடுத்து ஓரமா வைங்க. டேப், என்டர், ஸ்பேஸ் கீகளை மட்டும் வைத்து ரிஜிஸ்டர் வரை போங்க. எங்கே நிற்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா?

2. பிரவுசரில் 200 சதவீதம் ஜூம் பண்ணுங்க. எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா?

3. டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துத் திறங்க. முதல் உபயோகமான எழுத்து தெரிய எத்தனை நொடி? மனுஷனுக்கு 0.1 நொடிக்குள் வந்தால் உடனே நடந்த மாதிரி இருக்கும்; 1 நொடிக்கு மேல் போனால் யோசனை தடைபடும்; 10 நொடிக்கு மேல் போனால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும். நீல்சன் 1993லேயே எழுதிய கணக்கு இது, நெட் மாறினாலும் மனுஷ மூளை மாறவில்லை.

4. உள்பக்கம் ஒன்றின் லிங்கை வாட்ஸ்அப்பில் நண்பனுக்கு அனுப்புங்க. அவனுக்கு அதே பக்கம் திறக்கிறதா, இல்லை ஹோம் பேஜா? பேக் அழுத்தினால் எங்கே போகிறான்?

5. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை ஆன் பண்ணி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிஷம் உங்க சைட்டைப் பயன்படுத்துங்க. (எப்படி ஆஃப் பண்றதுன்னு முதலிலேயே பார்த்து வச்சுக்கோங்க, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.)

6. சைட்டைப் பார்த்திராத ஒரு ஜூனியரைக் கூப்பிடுங்க. "ஃபீஸ் எவ்வளவுன்னு கண்டுபிடி"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. இதுதான் எல்லாத்திலேயும் கஷ்டமான டெஸ்ட். அவர் தடுமாறும்போது "அங்க பாரு"ன்னு சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லாதீங்க. உங்க சைட்டைப் பயன்படுத்தும் ஒவ்வொருத்தர் பக்கத்திலும் நீங்க உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

நம்ம நாட்டிலும் அரசு வெப்சைட்டுகளுக்கான வழிகாட்டு நெறிகள் 2009லேயே வந்துவிட்டன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. நாளைக்கு நாம் வேலைக்குப் போய் பேங்க் ஆப் செய்வோம், ஆஸ்பத்திரி டோக்கன் சிஸ்டம் செய்வோம். சிம்போசியம் சைட்டில் ஒருத்தர் வெளியே நின்றால் ஒரு ஈவென்ட் போகும். அங்கே வெளியே நின்றால் போவது வேற.

இந்த வருஷ சைட் தயாரானதும் முதல் லிங்கை அந்த நண்பருக்குத்தான் அனுப்பினேன். கால் மணி நேரத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "ப்ரோ, ஃபீஸ், தேதி எல்லாம் தெளிவா படிக்குது. நானே ஃபில் பண்ணிட்டேன். ஒண்ணே ஒண்ணு, மொபைல் நம்பர் போடுற கட்டத்துக்கு நீங்க லேபிள் கொடுக்கலை. 'எடிட் பாக்ஸ்'னு மட்டும்தான் சொல்லுது. அது என்ன கட்டம்னு நானா ஊகிச்சுக்கிட்டேன்."

அத்தனை படிச்சும் ஒண்ணு விட்டுட்டேன் பாருங்க. லேபிள் டேக், ஒரே ஒரு வரி. அன்னைக்கு ராத்திரியே போட்டுட்டேன்.

உங்க சைட்டில் அந்த ஒரு வரி எங்கே விட்டுப்போயிருக்குன்னு தேடிப் பாருங்க.